முந்நூறு மில்லி நொடி

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
ரயில் இன்னும் வரவில்லை,
மணி மட்டும் வந்துவிட்டது.
முப்பது நாற்பது பைக்குகள் எஞ்சினை அணைக்காமல் நிற்கின்றன.
என் முதுகுப்பையில் மடிக்கணினி.
அதில் பதினொரு வரித் திருத்தம், இன்னும் ஏற்றவில்லை.

பிழை இதுதான்:
ராயபுரத்து ஆஸ்பத்திரியில்
ரத்தப் பரிசோதனைக்கு டோக்கன் தரும் கண்ணாடித் திரை
ஒரு தொடுதலை மூன்றாக எண்ணுகிறது.
எல்லோருக்கும் அல்ல. "சிலருக்கு" என்றிருந்தது புகாரில்.
எந்தச் சிலர் என்று பார்த்துவர அனுப்பினார்கள்.

காலை ஆறே காலுக்குப் போய் நின்றேன்.
காசிமேட்டு ஏலம் முடிந்து நேராக வந்தவர்கள்,
வெறும் வயிற்றோடு.
ஐஸ் பெட்டிக்குள் கிடந்த விரல்கள்
ஈரம் காயாமல், மரத்துப்போய்.
கண்ணாடிக்கு அந்தக் கை பிடிபடவில்லை.
நீரை விரல் என்கிறது,
விரலை, யாருமில்லை என்கிறது.
"இன்னாபா இது, செவுடா கீது" என்று
அமலோற்பவம் மறுபடி அழுத்தினாள், மறுபடி,
முழங்கையால் ஒருமுறை.

எங்கள் தொழிலில்
நடப்பது எதுவானாலும் நிகழ்வு.
அதற்காகக் காதைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கும் நாலைந்து வரிகள்
கேட்பான்.
அவன் வந்து உட்காரும் முன்பே நடந்துவிட்டால்
அது நடக்கவே இல்லை, எந்தப் பதிவேட்டிலும் வராது.
கேட்பாரற்றது என்று தமிழில் ஏற்கனவே சொல் இருக்கிறது,
நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

(எர்ணாவூரில் என் அறைக்கு
இரவு இரண்டரைக்கு ஒரு வாடை வரும்.
ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்போம்.
காலையில் கேட்டால், எந்த வாடை?)

திரை செவிடு இல்லை.
எல்லாவற்றையும் வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டிருந்தது.
சட்டென்று ஒன்றாகத் துப்பியது:
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று.

ஒன்றை மடியில் செருகிக்கொண்டாள்.
ஒன்று, பின்னால் குழந்தையைத் தோளில் போட்டு நின்றவளுக்கு.
மூன்றாவதை எடுத்துக்கொண்டு நடந்து போய்
பெஞ்சில் சாய்ந்திருந்தவர் கையில் திணித்தாள்.
டயாலிசிஸ்காரர். வரிசையிலேயே இல்லாதவர்,
வரிசையில் நிற்க முடியாதவர்.
வாட்ச்மேன் பரசுராமன் சொன்னார்:
"தெனம் இப்டித்தான் சார். மிசினுக்குத் தாராள மனசு."

நாற்பத்து நான்கு என்னை முறைத்தார்.
ஐந்து மணிக்கே வந்தவராம்,
டீ கூடக் குடிக்காமல்.
ஒரு இடம் பின்னுக்குப் போனதை
விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார்.
அவர் கணக்கிலும் தப்பில்லை.

திருத்தம் எளிது.
முதல் தொடுதலுக்குப் பின்
முந்நூறு மில்லி நொடி காதைப் பொத்திக்கொள்.
அதற்குள் எத்தனை வந்து மோதினாலும் ஒன்றே.
ஈரத் துணியால் சோதித்தேன், ஐஸ் கட்டியால்,
அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு முழங்கையால்.
ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு டோக்கன்.
சுத்தமாக.

டோக்கனும் தலையும் ஒத்துவர வேண்டும்,
மாதக் கடைசியில் யாரோ கூட்டிப் பார்ப்பார்கள்.
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.
பெஞ்சுக்கு ஒரு பொத்தான் வைக்கலாமா என்று எழுதிக் கேட்டேன்.
இந்த ஒப்பந்தத்தில் பெஞ்ச் இல்லை என்றார்கள்.

ஒரு பையன் தடுப்புக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து
தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறான்.
கேட்மேன் விசிலடிக்கிறார்.
பின்னால் யாரோ ஹாரன் அடிக்க,
அவர்மேல் கோபத்தில் இன்னொருவர் அடிக்க,
ரயிலுக்கு எதுவும் கேட்காது.

போன் அதிர்கிறது.
"ஏத்தியாச்சா?"
கட்டைவிரலில் வேர்வை. அழுத்துகிறேன், போகவில்லை.
சட்டையில் துடைத்து மறுபடி. மறுபடி.
"கேட்ல நிக்கிறேன்"
"கேட்ல நிக்கிறேன்"
"கேட்ல நிக்கிறேன்"

இப்போதுதான் வருகிறது, நிலம் முதலில் சொல்கிறது.
மணலி டேங்கர்கள், ஒன்றுபோல் ஒன்று.
எண்ணத் தொடங்கி
இருபத்தேழில் விட்டுவிட்டேன்.